வாவாவைத் தாண்டியபின்

தமிழில் ஒன்பதுக்குப் பொறுமை கிடையாது.
தொண்ணூறு, நூறு வருமுன்பே அதன் பெயரை எடுத்துச் சூடிக்கொள்ளும்.
தொள்ளாயிரத்தின் வாயில் ஏற்கெனவே ஆயிரம்.
எங்கள் வண்டிக்கு அந்த அவசரம் இல்லை.
மணிக்குத் தொண்ணூறு. ஓர் எண்ணுக்கு நாற்பது நொடி.

பின்கட்டிலில் பல்விந்தர் குறட்டை.
அவருக்கும் பின்னால்
வின்னிபெக் போகும் இருபது டன் உறைந்த பட்டாணி.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

வாவா என்றொரு ஊர்.
இரண்டு முறை கூப்பிட்டும் நான் நிற்கவில்லை.
ராட்சத வாத்துச் சிலை சிறகு விரித்த திருப்பத்தில்
ஓட்டமானியில் 999983.
பகா எண்தான். போன மாதமே,
காத்திருந்த கிடங்கு வாசல்களில்
நூற்று அறுபத்தெட்டு எண்களால் வகுத்துப் பார்த்திருந்தேன்.
போகட்டும் என்று விட்டேன்.
எனக்கு வேண்டியது அதற்கும் மேலே.

ஏழு. தொண்ணூற்றேழு. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.
மூன்று குறைந்தால் பகாது என்று மூன்று முறை சொன்னவர்கள்
பிறகு இரண்டு முறை பொய் சொன்னார்கள்:
9997 பதின்மூன்றுக்கு விழுந்தது,
99997 பத்தொன்பதுக்கு.
ஆனாலும்,
ஏமாந்தவருக்குத்தான் அடுத்த முறை நம்பிக்கை அதிகம்.

இரட்டைகள் போயின. ஐந்துகள் போயின.
89ஐப் பத்தொன்பது பிரித்தது.
91ஐப் பதினேழு.
அந்தப் பதினேழு சாலையோரப் பலகையில் வெள்ளையாய் நின்றது,
இது பதினேழாம் நெடுஞ்சாலை.

999997.
வண்டியை ஓரங்கட்டி, அபாய விளக்கு போட்டு,
படம் எடுத்தேன்.
கண்ணாடியில் என் மூச்சும் விழுந்திருக்கிறது.

பத்து லட்சம் ஆனபோது பல்விந்தரை எழுப்பவில்லை.

வைட் ரிவரில் தேநீர், ஒரு பேப்பர், பென்சில்.
மீதி, மீதி, மீதி.
நூற்று முப்பத்து மூன்று பேர் கைவிரித்தார்கள்.
அடுத்து வந்தது 757.
ஆயிரத்து முந்நூற்று இருபத்தொரு முறை
அடங்கி உட்கார்ந்தது. மீதி பூஜ்யம்.

பூஜ்யத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் கடைசி
அந்த வாத்தின் காலடியில் போனதுதான்.
பத்து லட்சத்துக்குப் பதினேழு குறைவு.
வழியெல்லாம் பலகைகள் அதையேதான்
சொல்லிக்கொண்டு வந்திருக்கின்றன.

பல்விந்தர் எழுந்து கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.
"ரவுண்டா ஆகட்டும்னு காத்திருக்கக் கூடாதா?"
மூன்று கிலோமீட்டர்தானே என்றார்.

நான் படத்தை அழிக்கவில்லை.
சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு
பின்கட்டிலில் ஏறிப் படுத்தேன்.