இரண்டாம் கியர்

திறப்பைத் திருப்பினால்
டிக்.
இன்னொருக்கால்,
டிக்.
பல்லி சொன்னமாதிரி. அவ்வளவுதான்.

முத்தையன்கட்டுக்கு இன்னும் ஏழு கட்டை.
பின்சீற்றில் நீலப்பெட்டி, அதற்குள் ஐஸ்,
ஐஸுக்குள் நாற்பத்திரண்டு மாடுகளுக்குத் தடுப்பூசி.
நேரம் ஒன்பது.
வெயில் பெட்டியின் மூடியில் கைவைத்துவிட்டது.

மாங்குளம் கராஜ் மரியநேசனுக்குப் போன் எடுத்தேன்.
"லைற்றைப் போடுங்கோ டொக்டர். எரியுதோ?"
எரியுது, கடன் வாங்கினவன் சிரிக்கிறமாதிரி.
"அப்பிடியே திறப்பைத் திருப்புங்கோ. மங்குதோ?"
செத்தே போகுது.
"அப்ப பெற்றோலிலை குற்றமில்லை. பொனற்றைத் திறவுங்கோ."

பற்றறியின் காதில் பச்சைப் பூஞ்சணம்.
"பத்தாம் நம்பர் சாவி இருக்கோ?"
இல்லை.
குளம்பு சீவுகிற கத்தி இருக்கிறது. சுரண்டினேன்.
"சுடுதண்ணி ஊத்தினால் கழரும்."
போத்தலில் பிளேன்ரீதான் இருக்கு.
"சீனி போட்டதோ?"
போட்டது.
"அப்ப குடியுங்கோ."

மறுபடியும் டிக்.

படுத்த மாட்டை எழுப்ப எனக்குத் தெரியும்.
வாலின் அடியைப் பிடித்து
முழங்காலால் இடுப்பில் ஒரு நெம்பு.
மாடு திரும்பி ஒருதரம் பார்க்கும்,
அந்தப் பார்வையில் பாதி நோய் விளங்கும்.
இது பார்க்காது.
மாருதி எண்ணூறு, வவுனியாவில் வாங்கியது,
எனக்கு முன்னே மூன்று பேரிடம் இருந்தது.
அவர்கள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

"தள்ளித்தான் எடுக்கவேணும். எத்தினை பேர் நிக்கிறியள்?"
ஒரு பாலைமரம். ஒரு கட்டைக்கல்.
ஆரோ அவிழ்த்துவிட்ட ஆடு.
நான்.
கதவைத் திறந்து தோளைக் கொடுத்தேன்.
ஒரு முழம் போனது. ஒன்றரை முழம் பின்னுக்கு வந்தது.

அப்போதுதான் தண்ணீர் பவுசர் வந்து நின்றது.
பச்சை நிறம்.
இரண்டு பெடியள் குதித்தார்கள், சீருடையோடு.
கண்டால் வயதைக் கழித்துப் பார்ப்பது என் பழக்கம்.
மீசை அரும்பினவனுக்கு அந்த மே மாதம்
ஐந்து வயது இருந்திருக்கும்.

"தல்லு?" என்றான்.
உள்ளங்கையால் காற்றைத் தள்ளிக் காட்டினான்.

தள்ளு.
அவர்களிடமும் அதே சொல்தான், ஒரு ளகரம் குறைய.
தள்ளத் தள்ள மாத்தளன்வரை போனவள் நான்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஐஸ்.

ஏறி இருந்தேன்.
போன் மடியில் கத்தியது:
"திறப்பு ஓனிலை. கிளச்சை அடிமட்டும் மிதியுங்கோ.
ரெண்டாம் கியர். ஒண்டு வேண்டாம், உதறும்.
வேகம் வந்தாப்போலை டக்கெண்டு விடுங்கோ.
பிடிச்சால் திரும்ப மிதிச்சு அக்சிலேற்றரைக் குடுங்கோ.
நிப்பாட்டிப் போடாதேங்கோ, சொல்லிப்போட்டன்."

கண்ணாடியில் இரண்டு தொப்பிகள் குனிந்தன.
கிரவல் நெரிபடும் சத்தம்.
அவர்கள் எண்ணினார்கள், எக்காய், தெக்காய்,
துனாயில் காலை எடுத்தேன்.

ஒரு விக்கல்.
இன்னொன்று.
பிறகு வண்டி முழுதும் ஈரம் உதறும் நாய்போலச் சிலிர்த்து
பிடித்துக்கொண்டது.

கறுத்தப் புகை, அவர்கள் முகத்தில்தான்.
ஒருவன் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான்.
மற்றவன் கையை உயர்த்தினான்,
போ என்றோ, நில் என்றோ.
நான் நிற்கவில்லை. நன்றி சொல்லவில்லை.
நின்றால் நூர்ந்துவிடும் என்று மரியநேசன் சொன்னான்.
வசதியான காரணம்.
சன்னலுக்கு வெளியே என் கை கிடந்தது.
அது அசைந்ததா, காற்று அசைத்ததா, தெரியாது.

முத்தையன்கட்டில், பட்டியின் வாசலில்,
நியூற்றலில் விட்டு
முன் சில்லுக்குக் கல் வைத்தேன்.
"ஏன் டொக்டர் நூக்கேல்லை?
பெற்றோல் விக்கிற விலைக்கு!" என்றாள் தங்கேஸ்வரி,
முதல் மாட்டின் மூக்கைப் பிடித்துக்கொண்டு.
நூத்தால் பிறகு தள்ளவேணும்.
"தள்ள நாங்கள் இல்லையோ?"

ஊசியில் மருந்தை இழுத்தேன்.
பெட்டிக்குள் ஐஸ் இன்னும்
ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது.