இருபது மில்லிமீட்டர்

நேஸ்பியில் ஜூலை.
கர்லிங் அரங்கின் பின்புறம், உறைந்த புல்லின் மேல்
ஆறு தொலைநோக்கிகள், ஒன்பது பேர், ஒரு மடக்கு மேசை.
மேசையில் கொல்வினின் பெட்டி திறந்து கிடக்கிறது.
நுரைக் குழிகளில் கண்ணருகு வில்லைகள்
சிவப்பு விளக்கின் கீழ்
ஏதோ கறுப்புப் பறவை இட்டுப் போனவை மாதிரி.

"நூறு பாகை," என்கிறான் கொல்வின்
பெரியதை இரண்டு கையாலும் ஏந்தி.
கிட்டத்தட்ட ஒரு கிலோ.
பள்ளிப் பேருந்து ஓட்டும் என் சம்பளத்தில்
ஒரு மாதத்தை முழுங்கும்.
"உள்ளே விழுந்துவிடுவாய், இஷ்பெல்.
விளிம்பே தெரியாது."

தெரியத்தான் இல்லை.
எனக்கும் அதற்கும் நடுவே
ஒன்பது வயதிலிருந்து மூக்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி.
ரப்பர் வளையத்தை மடித்துப் பார்த்தேன்;
கண்ணாடி உலோகத்தில் முட்டி 'டிக்' என்றது.
அடுத்த வீட்டுக் கல்யாணத்தைச்
சாவித் துவாரம் வழியே பார்ப்பதுபோல
நடுவில் கொஞ்சம் வானம்.
தலையைச் சாய்த்தால் ஒரு பக்கம் வரும்,
மறுபக்கம் அவரை விதையாய்க் கறுத்துப் போகும்.
நூறு பாகை பொய்யில்லை.
எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

"கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாரேன்."
பள்ளியில் புகைப்படம் எடுத்தவரும் இதைத்தான் சொன்னார்.
நடனத்துக்கு அழைத்த ஒருவனும் சொன்னான்,
பிறகு அவன் முகமே எனக்கு நினைவில்லை,
பார்த்தால்தானே.

வெறும் கிட்டப்பார்வை என்றால் குமிழைத் திருகித் தீர்த்துவிடலாம்.
என் விழியின் முகப்பு உருண்டை இல்லை,
ரக்பி பந்து.
அதற்குத் திருக எந்தக் குமிழும் கிடையாது.
இருந்தாலும் கழற்றினேன்.
தலைக்கு மேலே கேட்டை,
ஹினெமோவாவின் மொழியில் ரேஹுவா,
சிவந்த ஒற்றைப் புள்ளியாக இருக்க வேண்டியது
அடிபட்ட பூச்சிபோலக் காலைப் பரப்பியது.

ஹினெமோவா ஆடுகளுக்கு வைத்தியம் பார்ப்பவள்.
பேச்சைச் சில்லறைபோல எண்ணித் தருபவள்.
"பெருக்கம் கூடும்போது கழற்று.
அப்போது கண்ணுக்குள் வரும் வெளிச்சம் ஊசிமுனை,
உன் கோணலில் படாமலே போய்விடும்.
அகல வானத்துக்கு மாட்டிக்கொள்."
சொல்லிவிட்டு அங்கியின் உட்பையிலிருந்து
ஒரு வில்லையை எடுத்தாள்.
அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது, பனி பூக்காமலிருக்க.

அறுபத்தைந்து பாகை.
கொல்வின் காது கேட்கவே இருமினான்.
"ஆனால் கண் தள்ளி நிற்க
இருபது மில்லிமீட்டர் இடம் விட்டிருக்கிறார்கள்," என்றாள்.

இருபது மில்லிமீட்டர்.
கட்டைவிரல் அகலம்.
யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில்
இந்த வளைவுகளைக் கணக்கிடும்போது
கண்ணாடி போட்ட ஒருத்தி வருவாள் என்று
நினைத்திருக்கிறார்.

குனிந்தேன். எதிலும் முட்டவில்லை.
வட்டம் முழுதாக வந்தது,
சுற்றிலும் விளிம்பு, கத்தரித்த காகிதம்போலத் துல்லியமாய்.
அதற்குள் தேளின் கொடுக்கருகே இருக்கும் கொத்து
ஒன்றுகூட வெளியே நிற்காமல்.
தினமும் காலை ஏழே முக்காலுக்கு
ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடியில்
நான் பார்ப்பதும் இதைத்தான்:
எல்லாத் தலைகளும் இருக்கின்றனவா,
கடைசி வரிசையில் குனிந்து ஒளிந்துகொள்ளும் அந்தச் சின்னவனும்.
விளிம்பு தெரியாவிட்டால்
எண்ணி முடித்தோம் என்று எப்படித் தெரியும்?

"என்ன விலை?"
"விற்கவில்லை. சனிக்கிழமை வரை வைத்துக்கொள்."
கொல்வின் தன் கனத்தை மாட்டப் போனான்;
குழாய் மூக்கைத் தொங்கவிட்டது.
வால்பக்கம் காந்தம் ஒட்டிச் சமன்செய்தான், முணுமுணுத்துக்கொண்டே.

மறுபடி குனிந்தேன்.
அந்த இருபது மில்லிமீட்டருக்குள் என் மூச்சு புகுந்து
கண்ணாடி வெளுத்துவிட்டது.
மேலே ஒரு மேகமும் இல்லை.
வாயைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு
நிற்கிறேன்,
என்னுடையது கலையட்டும் என்று.