ஊதா விளக்கு

பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாறிப் பல வருஷம்.
பஸ்காரர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
அங்கே, அடகுக்கடைக் கம்பிக்குப் பின்னால்,
பத்தொன்பது வருஷமாகப் பிறர் நகையை நிறுக்கிறேன்.

ஒருநாள் சவரியாயி பிஸ்கட் டின்னோடு வந்தாள்.
தோட்டத்துப் பங்களாவில் சமைத்தவரின் மகள்.
தவுக்கே திறந்து பார்த்துத் தள்ளிவிட்டார்:
"துணி. தங்கம் இருந்தா கொண்டா."
பின்வாசலில் பத்து வெள்ளி கொடுத்து நான் வாங்கினேன்:
உள்ளங்கையளவு கேடயம்,
மஞ்சளில் கறுப்புச் சிங்கம்,
நாக்கை நீட்டிக்கொண்டு.

அப்படிப் பிடித்தது.
இன்று அலமாரியில் நாற்பத்தொரு சின்னங்கள்,
ஆறு சுவரொட்டிகள்
(இரண்டு மறுஅச்சு, தெரிந்தே வாங்கியவை).
பெல்ஜியம் பகாங்கைவிடச் சிறியது.
அதற்குள் மொழிக்கொரு படை,
படைக்கொரு சுவரொட்டி.
நாட்டைப் பிடித்தவனோடு கைகோத்து
ரஷ்யப் பனிக்குக் கிளம்பச் சொல்லும் படங்கள்.
பத்து வருஷம் தள்ளி வேறு பையன்கள்,
பழுப்புத் தொப்பி, கொரியா.
தாடை மட்டும் அதே தாடை.
எல்லாரும் மேலே எதையோ பார்க்கிறார்கள்.
ஒருவனும் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

தொண்டர்கள் என்றது அகராதி.
எங்களுக்குத் தொண்டர் என்றால்
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுபவர்.
என் பாட்டனின் அண்ணன் சயாம் போக
சுவரொட்டி தேவைப்படவில்லை.
லாரி வந்தது.

"அந்தப் பாவிகள் சட்டையில கிழிச்சத
வீட்ல எதுக்கு வச்சிருக்க?" என்பார் கணவர்.
சாமி அலமாரியில் வைக்கவில்லையே என்பேன்.
அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

அந்தத் துரையைப் பற்றிச் சவரியாயி சொன்னது இவ்வளவுதான்:
போருக்கப்புறம் வந்த சின்னத் துரை.
பிரெஞ்சுக்காரன் என்றார்கள், இல்லை என்பான்.
குளிக்கும்போதும் சாக்ஸைக் கழற்றமாட்டான்.
வலது காலில் மூன்று விரல் இல்லையாம்.
மரம் வெட்டும் ஆட்கள் வைத்த பெயர் விரலில்லாத் துரை.
கோடரி பட்டது என்று சிலர், பாம்பு என்று சிலர்.
பனி என்று யாருக்குத் தோன்றும்,
மத்தியானம் தார் உருகும் ஊரில்?

போன மாதம் கென்ட் நகரிலிருந்து யோரிஸ் எழுதினான்.
நான் அனுப்பிய படத்தில்,
கேடயத்தின் பின்பக்கம், மையில் இரண்டு எழுத்து.
தன் தாத்தாவுடையது என்கிறான்.
என்ன விலையும் தருவானாம்.
எதற்கு என்று கேட்டேன்.
எரிப்பதற்கு.

மூன்று ராத்திரி தூக்கமில்லை.
விற்றால் என்ன, எரித்தால் எனக்கென்ன,
எண்பது வருஷம் கரையான் தின்னாததை
ஒரு தீக்குச்சி தின்னட்டும் என்று ஒரு மனம்.
எரித்தபின், அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பானோ
என்று இன்னொன்று.
கடைசியில் கடைப் புத்திதான் கைகொடுத்தது:
சீட்டோடு மீட்க வருபவனை
ஏன் என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கில்லை.
வட்டி வேண்டாம், முதல் பத்து வெள்ளி என்று எழுதினேன்.

உறையில் போடுமுன் பழக்கதோஷம்,
கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் பிடித்தேன்.
பழைய நூல் ஒளிராது.
சிங்கம் இருட்டாகவே இருந்தது, அசல்.
ஓரத்தில் மட்டும் நீலமாக ஒரு மினுக்கம்,
ஏழு தையல்.
போர் முடிந்து வெகுநாள் கழித்து வந்த நூல்.
பிய்ந்ததை யாரோ பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறார்கள்,
இங்கே, பங்களாவில்,
வெளியே பால் வாளிகள் வரிசையில் நிற்க.
அவனா. அவன் நீட்ட,
சவரியாயியின் தாயா.

யோரிஸுக்கு இதை எழுதவில்லை.
நகைக் கத்தரியால் ஏழையும் வெட்டி
இடுக்கியால் உருவினேன்.
துண்டு சேர்த்தால் இரண்டு அங்குலம் தேறும்.
தங்கம் கட்டும் சிவப்புக் காகிதத்தில் மடித்து,
நாற்பத்தொன்று என்று மறுபடி எழுதி,
அலமாரியில் வைத்தேன்.