காரணம் என்ற கட்டத்தில்

படகுத்துறையிலிருந்து ஆள் வந்தபோது
ஷேர் ஆட்டோ ஒன்றுக்கு மழைத்திரை தைத்துக்கொண்டிருந்தேன்.
"ஆட்டோவுக்குத் தைக்கிறதுதானே அக்கா,
படகுன்னா மட்டும் என்ன?"
தண்ணீரில் போகிற ஆட்டோ என்று நினைத்துக்கொண்டு
ராயக்கோட்டை ரோட்டுக் கடையை மத்தியானமே சாத்திவிட்டு
பாலிஷ் டப்பாவும் பழைய பனியன்களும் பையில் போட்டு
கே.ஆர்.பி. அணைக்கு பஸ் ஏறினேன்.

பதினாறு பேர் உட்காரும் படகு.
பக்கத்துக்கு ஐந்து ஜன்னல்.
கண்ணாடி இல்லை, கண்ணாடி மாதிரி,
சுருட்டினால் சுருளும் தாள்.
எல்லாம் கஞ்சித் தண்ணீர் நிறம்.
உள்ளே உட்கார்ந்து பார்த்தேன்.
மலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறை,
நீர் இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு கறை.
இதைக் காட்டித்தான் டிக்கெட் கிழித்திருக்கிறார்கள்.

முதலில் குழாய்த் தண்ணீர், நிறைய.
பிறகு குழந்தைக்குப் போடுகிற ஷாம்பு இரண்டு சொட்டு.
தின்னர் கூடாது.
தின்னர் பட்ட தாள் அழப்போகிற முகமாய்ச் சுருங்கும்,
அதன்பின் எந்தச் சமாதானமும் ஏறாது.
காய்ந்ததும் பட்டாணி அளவு பாலிஷ்,
சின்னச் சின்ன வட்டமாக.
தோள்பட்டை விண்விண் என்கிறது.
இரண்டாம் ஜன்னலில் ஒரு தென்னை வந்தது.
மூன்றில் தென்னைக்குப் பின்னால்
யாரோ மாடு கழுவுகிறார்கள்.

நான்காவதில்தான் கவனித்தேன்.
மூலைகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன.
வெயிலுக்கு மூலை எது, நடு எது?
மங்கல் வில்லாக வளைந்து கிடக்கிறது,
ஒரு குட்டையான ஆளின் வலது கை
எட்டுகிற உயரம்வரை.
நகத்தால் வருடினேன்.
ஆயிரம் மயிர்க்கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து.

திம்மராயன் கரையில் நின்றிருந்தார்.
தோளில் துண்டு. குட்டையான ஆள்.
"ஒம்போது வருசமுங்க. ஒரு நாள் விட்டதில்ல.
காலைல ஆறு மணிக்கே
பத்தையும் நல்லா அழுத்தித் தொடச்சிருவேன்.
எங்க மச்சான் கல்யாணத்தன்னைக்குக்கூட
தொடச்சிட்டுத்தான் தாலி கட்டறதப் பாக்கப் போனேன்.
அப்படியிருந்தும் பாருங்க."
"தண்ணி தொட்டா?"
"ஐயோ, திட்டு விழுந்துருமே. காஞ்ச துணிதான்."

இரவெல்லாம் காற்று கொண்டுவந்து ஒட்டுகிற மணல்,
கண்ணுக்குத் தெரியாத அளவு.
காலையில் அதன்மேல் அவருடைய கை.
அவ்வளவுதான் விஷயம்.

"வெயில்தானேங்க இப்படிப் பண்ணுது?"
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
துப்பட்டா நுனியில் துடைக்கப் போனவள்
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
"வெயில்தான்" என்றேன்.

ஒன்பதாவது ஜன்னல் கடைசிவரை வழிக்கு வரவில்லை.
மேற்குப் பக்கம், மஞ்சள் உள்ளேயே ஊறிவிட்டது.
வெட்டிப் புதுசு போடலாம் என்றேன்.
ஓட்டுநர் வேண்டாம் என்றார்,
நாலு மணிக்கு அந்தப் பக்கம் வெயில் கண்ணைக் குத்துமாம்.
அங்கே அது அப்படியே இருக்கிறது.

அலுவலகத்தில் ஒரு தாள் நீட்டினார்கள்.
வேலை விவரம். தொகை. சேதத்துக்குக் காரணம்.
மூன்றாவது கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
வெயில், என்று எழுதி
தவுலத் என்று கையெழுத்துப் போட்டேன்.
வெயில் வந்து வழக்குப் போடாது.

கிளம்பும்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்:
"இது புது பாலிஷுங்க. இனிமே ஈரத்துணிதான் ஆகும்.
அணைத் தண்ணி வேணாம், அதுல வண்டல் இருக்கும்.
குழாயில புடிச்சு ஊத்திட்டு, அப்புறம் லேசா."
அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.
பிரித்தார். பார்த்தார். மடித்தார்.
"புதுசுக்கு ஈரத்துணி.
அப்போ பழசுக்கு?"

பஸ் வந்துவிட்டது என்றேன்.
வரவில்லை.
அரைமணி நேரம் நிறுத்தத்தில் நின்றேன்,
அணைப்பக்கம் திரும்பாமல்.