முப்பத்தொன்றாம் மேற்கோள்

லூப்ளியானாவில் மழை.
மெய்ப்புத் திருத்தும் நெவென்கா
முப்பத்தொன்றில் நிற்கிறாள்:
'குகை நீர்மட்டம், 1963 வெள்ளம், 4.1 மீட்டர்.'

2011 கட்டுரை 1994-ஐக் கைகாட்டுகிறது,
1994, 1978-ஐ.
அது 'மேற்படி' என்கிறது.
மேலே ஏதுமில்லை.

மூன்றாம் நாள்
கிடங்கிலிருந்து வந்தது ஒரு தட்டச்சு அறிக்கை,
துருவேறிய கிளிப்போடு.
கடைசித் தாளின் அடியில் பென்சிலில்:
பம்ப் அறை, திருமதி ரவ்பார்.
இரவு இரண்டு மணி. விளக்கு அணைந்துவிட்டது.
கயிற்றில் நாற்பத்தொரு முடிச்சு,
விரலால் எண்ணினேன்.

அந்த ஈரக் கயிற்றைப் பிடித்து
எத்தனை பேராசிரியர்கள் மேலேறிப் போயிருக்கிறார்கள்!

நகராட்சியில் தேடினார்கள்.
அவள் பெயர் இல்லை, கணவர் பெயர் இருந்தது.
இதழின் மென்பொருளோ
இனிஷியல் இல்லாத யாரையும் உள்ளே விடாது.
"அவர் எழுத்தையே போட்டுவிடுங்களேன்,
யார் பார்க்கப்போகிறார்கள்?"
போனில் ஆசிரியர்.

நெவென்கா கட்டத்தில் ஓர் இடைவெளி தட்டினாள்.
திரை சிவந்தது.
மறுபடி தட்டினாள்.

பிறகு விசைப்பலகையைத் தள்ளிவைத்து
மெய்ப்பின் ஓரத்தில்
அவளும் பென்சிலால் எழுதினாள்:
அச்சகத்துக்கு,
ரவ்பாருக்குப் பக்கத்தில்
ஓர் எழுத்தின் அகலம் விடவும்.