சேதாரம்

பட்டறையில் காலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள்,
மாலையில் கொலுசாக நிறுத்து வாங்குவார்கள்.
நடுவில் காணாமல் போகும் கொஞ்சத்துக்குச்
சேதாரம் என்று பெயர்.
நூற்றுக்கு இரண்டு வரை யாரும் கேட்பதில்லை.
தாண்டினால் சனிக்கிழமைக் கூலியில் கை வைப்பார்கள்.
கை கழுவிய தண்ணீரைக்கூட நாங்கள் கொட்டுவதில்லை.
டிரம்மில் தேங்கி நிற்கும் சாம்பல் நிறத் தண்ணீர்,
அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

அந்தக் கையோடுதான் மளிகைக்குப் போகிறேன்.

பசியோடு போகாதே. இது முதல் பாடம்,
முந்நூறு ரூபாய் கொடுத்துக் கற்றது.
பையனைக் கூட்டிக்கொண்டு போகாதே. இது இரண்டாவது,
இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.
பிஸ்கட் பாக்கெட்டில் விலை மாறவில்லை என்று சந்தோஷப்படாதே,
பின்பக்கம் எறும்பு எழுத்தில் கிராம் குறைந்திருக்கும்.
சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் பத்தரைக்கு மேல் போ.
விடிகாலைத் தக்காளி பேரம் பேசாது;
வெயில் ஏறிய தக்காளி
"அள்ளிக்கம்மா, வீட்டுக்குப் போகணும்" என்னும்.
பாயசத்துக்கு உடைந்த முந்திரி போதும்,
வாய்க்குள் போனால் எல்லாம் உடைந்ததுதான்.
புளியும் மிளகாயும் பங்குனியில் வாங்கு,
ஐப்பசியில் வாங்குகிறவள்
வீட்டில் பணம் காய்க்கும் மரம் வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் சில்லறை.
பெரிய மிச்சம் லீ பஜாரில் இருக்கிறது,
மூட்டையாய் வாங்குகிறவர்களுக்கு மட்டும்.
தனி ஆளுக்கு மூட்டை ஏது?
அதனால் மூன்று பேர் சேர்ந்தோம்:
நான், கீழ்வீட்டு மெஹருன்னிசா,
மாடியில் தறிக்கு நூல் சுற்றும் பூர்ணகலா.
மாதம் பிறந்த முதல் ஞாயிறு
குகையிலிருந்து நடந்தே போவோம்.
திரும்பும்போது மூட்டைக்காக ஷேர் ஆட்டோ;
அந்த நாற்பது ரூபாயையும் மூன்றால் வகுப்போம்,
மிஞ்சும் ஒரு ரூபாயை
மெஹருன்னிசா தலையில் கட்டுவோம்.
அவள் ஒவ்வொரு மாதமும் சண்டை போடுவாள்.

முதலாளியிடம் கேட்டு
பழைய தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.
வெள்ளி நிறுத்துப் பழகியது,
ஐந்து பருப்பு கூடினாலும் முள் நடுங்கும்.
நோட்டில் மூன்று கட்டம் போட்டு
துவரை, உளுந்து, கடலை, வெல்லம் என்று
கிராம் பிசகாமல் எழுதுவேன்.

போன ஞாயிறு
பூர்ணகலா பை கொண்டுவரவில்லை.
"இந்த மாசம் எனக்கு வேண்டாம்பா,
பருப்பு சாப்பிட்டா வாயுவாம், டாக்டர் சொல்லிட்டார்."
எந்த டாக்டர் என்று மெஹருன்னிசா கேட்கவில்லை.
தறி பத்து நாளாய்ச் சத்தமில்லாமல் கிடப்பது
கீழ்வீட்டுக்குக் கேட்காதா?

அவள் படியேறிப் போனதும்
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
மூன்றாகவே நிறுத்தோம்.
உளுந்தில் மட்டும்
மெஹருன்னிசா தராசை விரலால் அழுத்தினாள்,
நான் பார்க்காததுபோல் நோட்டைப் பார்த்தேன்.

எழுதும்போதுதான் சிக்கல்.
பணம் வராத மூன்றாவது கட்டத்தில் என்ன போடுவது?
கடன் என்று எழுதினால்
என்றைக்காவது அவள் கண்ணில் படும்.
இனாம் என்று எழுதினால் அதைவிடக் கேவலம்.
பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு
எழுதினேன்: சேதாரம்.

"முப்பத்துமூணு பர்சென்ட் சேதாரமா?
உங்க முதலாளி பார்த்தா மயக்கம் போட்டுருவார்"
என்று சிரித்தாள் மெஹருன்னிசா.
பையை மாடிக் கதவுக் கொண்டியில்
மாட்டிவிட்டு வந்தது அவள்தான்.
தட்டவில்லை.

ராத்திரி எட்டு மணிக்கு
மேலே குக்கர் விசில் அடித்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
எண்ணிக்கொண்டே இட்லித் துணியை அலசினேன்.
நான்கு. ஐந்து.
ஆறு!

அரைமணி ஊறவைத்தால் மூன்றே விசில் போதும்.
எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் இவளிடம்,
காஸ் என்ன விலை விற்கிறது இப்போது.