முப்பத்தெட்டு புள்ளி இரண்டு

எட்டு மணிக்கு அவன் வந்தபோது
நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.
மழை, கம்பளித் தொப்பி, ஒழுகும் மூக்கு.
சிலோயே தீவில் ஜூலை மாதம்
வேறு எப்படி இருக்கும்.
ஆனால் சட்டைக் கழுத்தில் ஒரு இளஞ்சிவப்புச் சொட்டு.
ஸ்ட்ராபெரி வாசனை.
பதினோரு வருடமாக இந்தக் காப்பகத்தில் வேலை,
எனக்குத் தெரியாதா அந்த சிரப்பை.

யாஸ்னா என் கண்ணைப் பார்க்கவில்லை.
வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது
சால்மன் ஆலையின் பஸ்.
ஏறாதவளுக்கு அன்றைய கூலி இல்லை.
மூன்று முறை ஏறாதவளுக்கு
அடுத்த மாதமே இல்லை.
நான் கதவை அகலத் திறந்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

எழுத்து தெரியாத பிள்ளைகளுக்குக்
கொக்கிக்கு ஒரு படம்:
வாத்து, படகு, உருளைக்கிழங்கு, குடை.
காஸ்பருக்குக் கடற்சிங்கம்.
அவரவர் துண்டு அவரவர் கொக்கியில்,
நடுவே ஒரு சாண் இடைவெளி.
சுகாதார அலுவலகத்துக்காரர் ஸ்கேல் வைத்து அளந்து
திருப்தியாகக் கையெழுத்திட்டுப் போனார்.
துண்டுகள் ஒன்றையொன்று தொடவேயில்லை.
பிள்ளைகள்தான்
ஒருவர்மேல் ஒருவர் உருண்டு
ஒரே மர ரயிலை முறைவைத்துக் கடித்தார்கள்.

பன்னிரண்டரைக்கு சிரப் இறங்கியது.
சூப்பைத் தள்ளிவிட்டு என் மடியில் ஏறினான்.
இங்கே எங்களை டீச்சர் என்பதில்லை,
அத்தை முறை வைத்து 'தீயா' என்பார்கள்.
தீயா என்றான், தீயா,
என் காதோரம் சுடச்சுட.
முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.
நாக்கின் ஓரம் ஒரு கொப்புளம்,
உள்ளங்கையில் இரண்டு,
பாதத்தில்
எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஆலைக்குப் போன் செய்தால் மேற்பார்வையாளன் எடுப்பான்.
அவர்கள் கைபேசிகள் லாக்கரில்,
கைகள் மீன் வயிற்றில்.
"அவசரமா?" என்றான்.
அந்தச் சொல்லுக்கு
அவனுக்கும் எனக்கும் ஒரே அகராதி இல்லை.

மூன்று மணிக்கு வந்தாள்,
வெள்ளை ரப்பர் பூட்ஸோடு, புருவத்தில் ஒரு செதிலோடு.
அவனைத் தனியறையில் வைத்திருந்தோம்.
தனியறை என்றால்
பொருள் வைக்கும் அறையில் ஒரு மெத்தை,
மேலே மரீத்சா கழற்றிப் போர்த்திய ஸ்வெட்டர்.
"காலையில் காய்ச்சல் இல்லை" என்றாள்.
"இல்லை" என்றேன்.
இருவருமே பொய் சொல்லவில்லை.
"நாளைக்கு?"
"மருந்தில்லாமல் இருபத்து நான்கு மணி நேரம்."
மருந்தில்லாமல் என்பதைத்
தேவைக்குமேல் அழுத்திவிட்டேன் போல,
அவள் காது சிவந்தது.
என் மகளுக்கு மூன்று வயதில்
நானும் அதே ஸ்பூனை அதே அவசரத்தில் நீட்டியவள்தான்.
அதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் வாத்து, குடை, படகு.
திங்களன்று தவழும் அறையிலிருந்து ஒரு குழந்தை,
ஏழு மாதம், அவளுக்கு இன்னும் படம்கூட ஒதுக்கவில்லை.
பால்புட்டி உதட்டில் பட்டதும் வீறிட்டாள்.
காஸ்த்ரோ மருத்துவமனையில்
இரண்டு இரவு சலைன் ஏறியது.
தேறிவிட்டாள் என்று சேதி வரும்வரை
நான் குளோரின் வாளியைவிட்டு எழவில்லை.
கட்டைகள், வளையங்கள், கதவுப்பிடி,
மேசையின் அடிப்பக்கம்,
யாரும் தொடாத அலமாரி உச்சி.
விரல் நுனிகள் வெள்ளையாய்ச் சுருங்கி
வேறு யாருடையவோ போல ஆயின.

படிவத்தில் ஒரு கேள்வி:
முதல் குழந்தையைச் சேர்த்துக்கொண்டபோது
அறிகுறி ஏதும் இருந்ததா?
ஆம். இல்லை. தெரியாது.
'தெரியாது' கட்டத்தின்மேல் பேனாவை ஊன்றியிருந்தேன்.
மை ஊறி ஒரு கொப்புளமானது.
பிறகு 'ஆம்' என்று குறித்தேன்.
கவனித்தவர் என்ற வரியில்
நெலிதா ஒயார்சோ என்று எழுதினேன்.
அம்மாவின் பெயருக்கு இடம் இருந்தது,
அதை அப்படியே விட்டேன்.

பத்தாம் நாள் காஸ்பர் வந்தான்.
விரல் நகங்களோரம் தோல் உரிந்துகொண்டிருந்தது.
நெற்றியைத் தொட்டேன். கழுத்தை முகர்ந்தேன்.
சோப்பு. மழை. வறுத்த ரொட்டி.
பஸ் ஹாரன் அடித்தது, யாஸ்னா ஓடினாள்,
ஓடும்போதே ஒரு கையை மட்டும் உயர்த்தினாள்,
எனக்கா அவனுக்கா தெரியவில்லை.

"ரயில் எங்கே, தீயா?"
மரத்தில் பல்தடம் விழுந்தால்
குளோரின் உள்ளே போகாது, எறிந்துவிட்டோம்.
"போய்விட்டது" என்றேன்.
ரயில்தானே, போகும்.
கொஞ்சம் யோசித்தான்.
பிறகு ஜன்னலருகே போய் நின்று
கண்ணாடியை
மெதுவாக நக்கினான்.